அயலூரில் எங்கே தங்குவது? முஸாஃபிர்களின் வரலாறு தரும் விடை



பள்ளி விடுமுறை நெருங்கும் நாட்களில் நம் குடும்பங்களில் வெளிநாட்டுப் பயணம் பற்றிய பேச்சு எழுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உம்ராவா, மலேசியாவா, துருக்கியா என்பது முடிவானதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: எங்கே தங்குவது? ஓட்டல் அறையிலா, சமையலறையோடு கூடிய வாடகை வீட்டிலா, அங்கு வேலை பார்க்கும் உறவினர் இல்லத்திலா, அல்லது பயணக் குழுவினர் ஏற்பாடு செய்யும் கட்டடத்திலா? வாடகை எவ்வளவு, பள்ளிவாசல் எவ்வளவு தூரம், காலை உணவு உண்டா என்று கணக்குப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறோம்.

இக்கேள்வி புதியதன்று. ஹஜ்ஜுக்காகவும் கல்விக்காகவும் வணிகத்துக்காகவும் கடல் கடந்தும் பாலை கடந்தும் சென்ற நம் முன்னோர், 1,400 ஆண்டுகளாக இதே கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் தங்கிய இடங்களை மூன்று வகைகளில் அடக்கிவிடலாம். ஒருவர் இல்லத்தில் விருந்தாளியாகத் தங்குவது ஒன்று. காசு கொடுத்து வாடகைதாரராகத் தங்குவது இரண்டாவது. அல்லாஹ்வுக்காக அறக்கொடையாக்கப்பட்ட ஓரிடத்தில் வக்ஃபின் பயனாளியாகத் தங்குவது மூன்றாவது. இம்மூன்று நிலைகளிலும் தங்குபவரின் உரிமைகள் வேறு, கடமைகளும் வேறு. அறையின் வசதிகளை எண்ணுவதற்கு முன், எந்த நிலைக்குரிய கடமையை நம்மால் நிறைவேற்ற முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அந்த வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

மதீனாவின் முன்மாதிரி

கி.பி. 622-இல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா நகருக்குள் வந்தபோது, ஒவ்வொரு குலத்தாரும் தங்களிடமே தங்க வேண்டும் என்று வேண்டி நின்றனர். ஒருவரின் அழைப்பை ஏற்று மற்றவரை மறுத்தால் மனம் நோகும். ஆகவே, தம் ஒட்டகத்தை அதன் போக்கில் விட்டுவிடுமாறு நபியவர்கள் கூறினார்கள். அது மண்டியிட்ட இடத்துக்கு அருகில் இருந்தது அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லம். அங்கேயே நபியவர்கள் தங்கினார்கள்.

அவ்வில்லத்துக்கு இரண்டு தளங்கள். தம்மைக் காண வருவோருக்கு எளிதாக இருக்கும் என்பதால் நபியவர்கள் கீழ்த்தளத்தைத் தேர்ந்தார்கள். அல்லாஹ்வின் தூதருக்கு மேலே நாம் நடமாடுவதா என்ற கவலையில் அபூ அய்யூப் (ரலி) தம்பதியருக்கு மேல்தளத்தில் உறக்கம் கொள்ளவில்லை. ஒரு நாள் தண்ணீர்க் குடம் உடைந்தபோது, கீழே சொட்டிவிடக் கூடாதே என்று தங்களிடமிருந்த ஒரே போர்வையால் நீரை ஒற்றி எடுத்தார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. பின்னர் அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வேண்டுகோளை ஏற்று நபியவர்கள் மேல்தளத்துக்கு மாறினார்கள். பள்ளிவாசலும் அதையொட்டிய அறைகளும் எழுந்ததும் அங்கே குடிபெயர்ந்தார்கள். விருந்தாளி வீட்டாரின் மனநிலையைக் கவனிக்கிறார். வீட்டார் விருந்தாளியின் கண்ணியத்தைக் காக்கிறார்கள். இருதரப்பும் விட்டுக்கொடுத்து வாழ்ந்த வீடு அது.

மதீனாவுக்கு வந்த எல்லோருக்கும் இப்படியொரு வீடு வாய்க்கவில்லை. வருபவருக்கு அறிமுகமானவர் ஒருவர் ஊரில் இருந்தால் அவரிடம் தங்குவார். எவருமில்லை என்றால் பள்ளிவாசலின் ஸுஃப்ஃபா திண்ணையில் தங்குவார் என்று நபித்தோழர் ஒருவரின் அறிவிப்பு கூறுகிறது. குலங்களின் தூதுக்குழுக்கள் வந்தபோது, ரம்லா பின்த் அல்ஹாரிஸ் (ரலி) அவர்களின் இல்லம் விருந்தினர் மாளிகையாகப் பயன்பட்டது. ஸகீஃப் குலத்தாருக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. ஆக, நபியவர்களின் காலத்திலேயே மதீனாவில் வீடு, திண்ணை, விருந்தினர் இல்லம், கூடாரம் என நான்கு வகைத் தங்குமிடங்கள் இருந்தன. வந்தவரின் நிலைக்கு ஏற்ப இடம் அமைந்தது.

விருந்தோம்பலை ஈமானோடு இணைத்துப் பேசிய நபியவர்கள், அதற்கு எல்லையும் வகுத்தார்கள். விருந்துபசாரம் மூன்று நாட்கள். அதற்கு மேல் செய்வது தர்மம். வீட்டாரைச் சங்கடத்துக்குள்ளாக்கும் அளவுக்கு விருந்தாளி தங்கியிருப்பது ஆகுமானதன்று. புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் இடம்பெறும் இந்த வழிகாட்டல், வெளிநாட்டில் உறவினர் வீட்டில் பத்து நாட்கள் தங்கத் திட்டமிடும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வர வேண்டிய ஒன்று.

சாலையோரத்து வீடுகள்

பிறர் இல்லங்களுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் கூறிய பின்பே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதையடுத்து, எவரும் நிலையாகக் குடியிராத, நமக்குப் பயன்தரும் பொருளுள்ள வீடுகளில் நுழைவது குற்றமாகாது என்று 29-ஆம் வசனம் விதிவிலக்கு அளிக்கிறது. இவ்வசனம் குறிப்பது பாதையோரங்களில் பயணிகளுக்காக அமைந்த தங்கும் விடுதிகளையே என்று ஆரம்பகால விரிவுரையாளர்கள் பலர் விளக்கமளித்திருக்கிறார்கள். விருந்தாளி அனுமதியோடு நுழையும் வீடு ஒன்று. வழிப்போக்கர் உரிமையோடு நுழையும் வீடு மற்றொன்று. இந்த வேறுபாட்டின் மீதுதான் பிற்கால விடுதிகள் எழுந்தன.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்பதை நாம் அறிவோம். ஊரில் செல்வந்தராக இருந்தாலும், வழியில் கையிருப்பை இழந்து நிற்பவருக்குச் சமுதாயத்தின் செல்வத்தில் பங்குண்டு. உமர் (ரலி) அவர்கள் மாவு, பேரீச்சம்பழம், உலர்திராட்சை ஆகியவற்றைச் சேமித்துவைத்த கிடங்கு ஒன்றை நிறுவி, வழியில் தவித்தோருக்கு வழங்கினார்கள். 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், ஸமர்கந்தின் ஆளுநருக்கு விடுதிகள் கட்டுமாறு எழுதிய ஆணையை வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்திருக்கிறார். கடந்து செல்லும் முஸ்லிமுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தங்க இடம், அவருடைய வாகன விலங்குக்குப் பராமரிப்பு, நோயுற்றிருந்தால் இரண்டு நாட்கள், வழியற்றுப் போனவருக்கு ஊர் போய்ச் சேரப் பணம் என்பது அந்த ஆணையின் சாரம்.

இந்த மரபு கல்லில் உருப்பெற்றது ஸல்ஜூக்கியர் காலத்தில். அனத்தோலியாவின் வணிகப் பாதைகளில், ஏறக்குறைய ஒரு நாள் ஒட்டகப் பயணத் தொலைவுக்கு ஒன்றாக, 'கான்' எனப்படும் கோட்டை போன்ற சத்திரங்கள் எழுந்தன. கோன்யாவிலிருந்து அக்ஸராய் செல்லும் பாதையில் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் 1229-இல் கட்டிய சுல்தான் கான் இன்றும் நிற்கிறது. உயர்ந்த மதில், ஒரே பெருவாயில், நடுமுற்றத்தில் நான்கு வளைவுகளின் மேல் எழுப்பிய சிறு பள்ளிவாசல், சுற்றிலும் அறைகள், குளிர்காலத்துக்கென மூடிய பெருமண்டபம் ஆகியவை அதில் உண்டு. வாயிலை மூடிவிட்டால் வணிகர் தம் சரக்கைப் பற்றிய கவலையின்றி உறங்கலாம்.

கெய்சேரிக்கு அருகிலுள்ள கரதாய் கானின் வக்ஃப் சாசனம் 1247-ஆம் ஆண்டுக்குரியது. வருபவர் முஸ்லிமா அல்லரா, ஆணா பெண்ணா, சுதந்திரமானவரா அடிமையா என்று பாராமல் அனைவருக்கும் ஒரே விதமாக உணவு வழங்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ஏழைப் பயணியின் காலணிக்கும் அதில் வழி செய்யப்பட்டிருந்தது. தங்கியவர் எவருக்கும் கடன்பட்டதாக உணரத் தேவையில்லை. கொடுத்தவர் இறைவனிடம் கூலியை எதிர்பார்த்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வக்ஃபின் பெரும் சிறப்பு அதுவே.

இப்னு பதூதா தங்கிய இடங்கள்

வெளிநாட்டில் தங்குவதன் இன்பதுன்பங்களை இப்னு பதூதாவைப் போல் அனுபவித்துச் சொன்னவர் அரிது. 1325-இல், 21 வயதில், தஞ்சாவிலிருந்து ஹஜ்ஜுக்காகத் தனியே புறப்பட்டார். துனிஸ் நகரை அடைந்தபோது உடன் வந்தவர்களை அவரவர் உறவினர்கள் ஸலாம் கூறி வரவேற்க, தம்மை வரவேற்க ஒருவருமில்லையே என்று அவர் கண்ணீர் விட்டார். பின்பு அந்நகரில் அவர் தங்கியது ஒரு மத்ரஸாவில்.

எகிப்திலிருந்து சிரியா செல்லும் பாதையில் ஒவ்வொரு தங்கலிலும் ஒரு கான் இருந்ததையும், அதற்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் பயணிக்கும் விலங்குக்கும் தேவையானவற்றை விற்கும் கடையும் இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். கெய்ரோவின் ஸூஃபி மடங்களிலோ நடைமுறை வேறு. புதிதாக வருபவர் இடுப்பைக் கட்டி, முதுகில் தொழுகை விரிப்பும், வலக்கையில் கோலும், இடக்கையில் நீர்க்குவளையுமாக வாயிலில் நிற்க வேண்டும். எந்த நாட்டிலிருந்து வருகிறார், வழியில் எந்த மடங்களில் தங்கினார், அவருடைய ஷைகு யார் என்று கேட்டறிந்த பின்னரே உள்ளே அழைப்பார்கள். இலவசமாகத் தங்கலாம், ஆனால் அவ்விடத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

அனத்தோலியாவில் 'அகீ' எனப்பட்ட கைவினைஞர் சங்கத்தாரின் விருந்தோம்பல் அவரை வியக்க வைத்தது. அந்தாலியாவில் கந்தலாடை அணிந்த ஒருவர் விருந்துக்கு அழைத்தபோது, இந்த ஏழை நம் கூட்டத்துக்கு எப்படி உணவளிப்பார் என்று அவர் ஐயுற்றார். அந்த மனிதர் தோல் தைக்கும் தொழிலாளி. ஏறத்தாழ 200 கைவினைஞர்களுக்குத் தலைவர். பகலில் உழைத்துச் சம்பாதிப்பதை இரவில் பயணிகளுக்காகச் செலவிடும் கூட்டம் அது. லாதிக் நகரிலோ இரண்டு சங்கத்தார் அவருடைய குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தமக்குள் சண்டையிட்டனர். கொள்ளையர் என்று அஞ்சிய அவருக்கு, யார் விருந்தளிப்பது என்பதே அவர்களின் சண்டை என்பது பின்னரே தெரிந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டு அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

1331-இல் மொகதிஷு துறைமுகத்தில் கண்டது வேறொரு முறை. கப்பல் வந்ததும் இளைஞர்கள் சிறு படகுகளில் மூடிய உணவுத் தட்டுகளோடு வந்து, ஒரு வணிகரிடம் தட்டை நீட்டி, இவர் என் விருந்தாளி என்று அறிவிப்பார்கள். அவ்வணிகர் அந்த வீட்டில்தான் தங்குவார். வீட்டுக்காரர் அவருக்காக விற்கவும் வாங்கவும் செய்வார். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் அவரிடம் எவரேனும் பேரம் முடித்தால் அவ்வூரில் அது செல்லாது. பலமுறை வந்து ஊரை அறிந்தவர்கள் மட்டும் விரும்பிய இடத்தில் தங்கினர். ஊர் தெரியாதவருக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்கும் ஏற்பாடு அது. மார்க்க அறிஞர் என்பதால் இப்னு பதூதாவை மாணவர்கள் தங்கும் இல்லத்தில் தங்கவைத்து, மூன்று நாட்கள் உணவளித்து உபசரித்தார்கள். நபிவழியின் அந்த மூன்று நாள் கணக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் வழக்கில் இருந்தது.

நம் கேள்விக்கு மிக நெருக்கமானது சீனத்தைப் பற்றி அவர் தரும் விவரம். அந்நாட்டுக்கு வரும் முஸ்லிம் வணிகர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: அங்கேயே குடியேறிய முஸ்லிம் வணிகர் ஒருவரின் இல்லம், அல்லது விடுதி. இல்லத்தைத் தேர்ந்தால் அவருடைய பணம் கணக்கிடப்பட்டு வீட்டுக்காரரின் பொறுப்பில் வைக்கப்படும். அதிலிருந்து நியாயமான முறையில் செலவு செய்யப்படும். புறப்படும் நாளில் எதுவும் குறைந்திருந்தால் வீட்டுக்காரரே ஈடு செய்ய வேண்டும். விடுதியைத் தேர்ந்தால் விடுதிக்காரரிடம் பணத்தை ஒப்படைப்பார். வேண்டியதை அவர் வாங்கித் தந்து கணக்கில் எழுதுவார். வழியிலுள்ள விடுதிகளில் மஃக்ரிபுக்குப் பின் அதிகாரி ஒருவர் எழுத்தரோடு வந்து தங்கியிருப்போர் பெயர்களை எழுதி, கதவைப் பூட்டிச் செல்வார். விடிந்ததும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்ப்பார். பயணியின் உயிருக்கும் பொருளுக்கும் யார் பொறுப்பு என்பது இரண்டு ஏற்பாடுகளிலும் முன்கூட்டியே எழுத்தில் இருந்தது.

அந்நிய நாட்டில் முஸ்லிம்கள் தங்கும் இடத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. வெனிஸ் நகரம் 1621-இல் உஸ்மானிய முஸ்லிம் வணிகர்களுக்கெனத் தனி மாளிகை ஒன்றை ஒதுக்கியது. அங்கே அவர்கள் தம் வழக்கப்படி கூடி வாழ முடிந்தது. ஆனால் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும். அந்தி சாய்ந்தால் வெளியிலிருந்து கதவு பூட்டப்படும். பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே பூட்டில் அடங்கியிருந்தன. 'ஃபுந்துக்' என்ற அரபுச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதுவே இத்தாலியில் 'ஃபொந்தாக்கோ' ஆயிற்று. இன்றைய அரபியில் ஓட்டலுக்கும் அதே பெயர்தான்.

மக்காவில் வாடகை வாங்கலாமா?

தங்குமிடம் பற்றிய மிகக் கூர்மையான ஃபிக்ஹ் விவாதம் மக்காவைப் பற்றியதே. உள்ளூர்வாசியும் வெளியூரிலிருந்து வருபவரும் அங்கே சமம் என்று அல்ஹஜ் அத்தியாயத்தின் 25-ஆம் வசனம் கூறுகிறது. இச்சமத்துவம் மஸ்ஜிதுல் ஹராமுக்கு மட்டுமா, மக்கா நகர் முழுமைக்குமா? நகர் முழுமைக்கும் என்று கொண்டவர்கள், ஹாஜிகளிடம் வீட்டு வாடகை வாங்குவதை வெறுத்தார்கள். ஹஜ் காலத்தில் மக்கா வீடுகளுக்கு வாடகை வாங்குவது வெறுக்கத்தக்கது என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. வருபவர் விரும்பிய இடத்தில் தங்கட்டும் என்பதற்காக, மக்காவாசிகள் தம் வீடுகளுக்குக் கதவு வைக்க வேண்டாம் என்று உமர் (ரலி) கூறியதாகவும் அறிவிப்புகள் உண்டு.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ மக்கா வீடுகள் தனியுடைமையே, விற்பதும் வாடகைக்கு விடுவதும் செல்லும் என்றார்கள். மக்கா வெற்றியின்போது எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்திருக்கிறாரா என்ற கருத்தில் நபியவர்கள் மறுமொழி கூறியது ஒரு சான்று. அகீல் (ரலி) அவர்கள் விற்றுவிட்ட விற்பனை செல்லுபடியாகியிருக்கிறது. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஸஃப்வான் இப்னு உமய்யா (ரலி) அவர்களின் மக்கா இல்லம் 4,000 திர்ஹத்துக்குச் சிறைச்சாலைக்காக வாங்கப்பட்டது மற்றொரு சான்று. பிறந்த ஊரை வென்று நுழைந்த அல்லாஹ்வின் தூதர், எவருடைய வீட்டையும் கைப்பற்றாமல் அல்ஹஜூனில் கூடாரத்தில் தங்கினார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த மரைக்காயர் குடும்பங்களும், ஹனஃபி மத்ஹபைச் சார்ந்த ராவுத்தர் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கின்றன. வாடகை செல்லும் என்றவர்களும், வாங்காதிருப்பதே நன்று என்றவர்களும் ஒன்றில் உடன்பட்டார்கள்: ஹாஜியின் தேவையைச் சுரண்டும் வாய்ப்பாக எவரும் பார்க்கலாகாது.

இந்த உணர்விலிருந்துதான் மக்காவின் 'ரிபாத்' இல்லங்கள் பெருகின. குராசான், மாவராஉன்னஹ்ர், இராக் என ஒவ்வொரு பகுதியாருக்கும் மக்காவில் விடுதிகள் இருந்ததையும், தம் காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை பாழடைந்து கிடந்ததையும் 11-ஆம் நூற்றாண்டுப் பயணி நாஸிர் குஸ்ரவ் எழுதியிருக்கிறார். கட்டுவது எளிது, பராமரிப்பதே அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் நாட்டிலிருந்தும் ஹைதராபாத் நிஜாம், போபால் அரச குடும்பத்தார் ஆகியோர் தம் பகுதி ஹாஜிகளுக்காக அங்கே ரிபாத்கள் அமைத்தனர். ஹைதராபாத் ரிபாதில் முன்னாள் நிஜாம் ஆட்சிப் பகுதியினர் இன்றும் கட்டணமின்றித் தங்குகிறார்கள். இடத்தைவிட விண்ணப்பம் மிகுவதால் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கிறது. ஜெருசலேமின் பழைய நகரில், பாபா ஃபரீத் (ரஹ்) தங்கியதாகக் கூறப்படும் இடத்தில் அமைந்த இந்திய ஸாவியாவும் இம்மரபின் தொடர்ச்சியே.

நமக்கான பாடம்

இவ்வளவையும் முன்வைத்து நம் பயணத்துக்கு வருவோம்.

உறவினர் இல்லத்தைத் தேர்ந்தால், மூன்று நாள் எல்லையை நாமே முதலில் சொல்லிவிடுவது நலம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இரண்டு அறை வீட்டில் வாழும் குடும்பம் தன் படுக்கையை நமக்குத் தந்துவிட்டுக் கூடத்தில் படுக்கும். வாய்திறந்து எதுவும் சொல்லாது. அபூ அய்யூப் (ரலி) தம்பதியரின் ஈரப் போர்வையை நினைத்துக்கொண்டால் எத்தனை நாள் தங்கலாம் என்பது தானே விளங்கும். அதற்கு மேல் தங்க நேர்ந்தால், அருகில் அறை எடுத்துக்கொண்டு உறவைப் பேணுவது இருதரப்புக்கும் கண்ணியம். வீட்டுப் பெண்களின் ஹிஜாப், மஹ்ரம் வரம்புகள் ஆகியவற்றையும் இதில் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஓட்டலைத் தேர்ந்தால் அது கானுக்குச் சமம். பூட்டும் காவலும் பொறுப்பும் அங்கே கிடைக்கும். தனியே செல்வோர், முதியோர், ஊர் தெரியாதோர் ஆகியோருக்கு அது ஏற்றது. உணவு ஹலாலா என்பதை மட்டும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளும் பத்தியமுள்ள பெரியோரும் உள்ள குடும்பம் ஒரு வாரத்துக்கு மேல் தங்குமானால் சமையலறையோடு கூடிய வாடகை வீடு நலம் பயக்கும். ஆனால் அங்கே பொறுப்பு நம்முடையது. சீனத்து வணிகரைப் போல, எது யார் பொறுப்பு, உடைந்தால் யார் ஈடு செய்வது, இரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேர் தங்குவது ஒப்பந்தத்தை மீறுவதாகும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற இறைக்கட்டளை விடுமுறை நாளிலும் நம்மோடு வருகிறது.

ரிபாத், பள்ளிவாசல் விடுதி, முஸாஃபர்கானா ஆகியவற்றில் இடம் கிடைத்தால், வக்ஃப் செய்தவரின் நிபந்தனையைப் பேண வேண்டும். ஓட்டலுக்குக் காசுள்ளவர் அந்த இடத்தை நிரப்பும்போது, அதற்காகவே ஏங்கி நிற்கும் ஏழை ஹாஜி ஒருவர் வெளியே நிற்கக்கூடும். குலுக்கலில் நம் பெயர் வந்தால், அது நம் உரிமையா என்பதோடு நம் தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயணியாகத் தங்குவதைப் பற்றி இவ்வளவு பேசும் வரலாறு, தங்கவைப்பதைப் பற்றியும் பேசுகிறது. அந்தாலியாவின் தோல் தொழிலாளி செல்வந்தர் அல்லர். நம் ஊர்களுக்கும் மருத்துவத்துக்காகவும் கல்விக்காகவும் தினமும் அந்நியர்கள் வருகிறார்கள். பழைய முஸாஃபர்கானாக்கள் சில ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. சில ஊர்களில் கடைகளாக மாறிவிட்டன. விடுமுறைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை ஊர் முஸாஃபர்கானாவின் கூரைக்கும் குழாய்க்கும் கொடுத்தால், வழிப்போக்கரின் பங்கு அவரிடம் போய்ச் சேரும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, நாம் தங்கும் இடங்களில் நம்மை நல்ல விருந்தாளிகளாகவும், நம்மிடம் வருவோருக்கு நல்ல வீட்டாராகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.